தமிழ் மடலைத் தொலைக்காமல் ஸ்பேமைத் தடுக்க: தென்னாப்பிரிக்கச் சங்கங்களுக்கும் கோயில்களுக்கும் ஒரு வழிகாட்டி

டர்பன், சாட்ஸ்வொர்த், பீட்டர்மாரிட்ஸ்பர்க், லெனேசியா என்று நம்மவர் வாழும் ஊர்களில் தமிழ்ச் சங்கம், கோயில், வாரயிறுதித் தமிழ்ப் பள்ளி ஆகியவற்றின் செயலாளர் பொறுப்பு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கைமாறுகிறது. புதியவரிடம் சாவிக்கொத்து, வரவுசெலவுப் புத்தகம், முத்திரை ஆகியவற்றோடு ஒரு மின்னஞ்சல் முகவரியும் அதன் கடவுச்சொல்லும் ஒப்படைக்கப்படுகின்றன. முகவரி பல ஆண்டுகளாகத் துண்டறிக்கைகளிலும் இணையப் பக்கங்களிலும் அச்சாகி வந்திருப்பதால், கடன் தருவதாகச் சொல்பவர், சூரிய மின்தகடு விற்பவர், வாரிசில்லாத சொத்தில் பங்கு தருவதாக ஆசை காட்டுபவர் எனப் பலரும் அதற்கு எழுதிக்கொண்டிருப்பார்கள். அவற்றுக்கு நடுவே நகராட்சியின் மண்டப அனுமதிக் கடிதமும், சென்னையிலிருந்து வரவேண்டிய பாடநூல்களின் விலைப்பட்டியலும் எங்கோ கிடக்கும். அல்லது இன்பாக்ஸுக்கு வராமலே ஸ்பேம் பெட்டிக்குள் போயிருக்கும்.

இந்தக் கட்டுரை, அப்படிப் பொறுப்பேற்பவர்கள் வேண்டாத மடல்களை வடிகட்டும் மென்பொருளைச் சரியாக அமைத்து, பழக்கி, கண்காணிப்பதற்கான வழிகாட்டி. கணினித் துறையில் பயிற்சி தேவையில்லை. பொறுமையாக ஒரு மாலைப்பொழுதும், அதன் பிறகு வாரம் ஒருமுறை சிறிது நேரமும் போதும்.

தொடங்கும் முன் என் நிலைப்பாட்டைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் கீழே வரும் அறிவுரைகள் அனைத்தும் அதிலிருந்தே பிறக்கின்றன. வடிகட்டி இரு வகையாகத் தவறும்: குப்பையை உள்ளே விட்டுவிடும், அல்லது நல்ல மடலைக் குப்பை என்று தள்ளிவிடும். முதல் தவற்றால் ஒரு விநாடி எரிச்சல், நீக்கிவிட்டால் தீர்ந்தது. இரண்டாவது தவறு நடந்ததே நமக்குத் தெரியாது. எழுதியவர் பதில் வரவில்லையே என்று மனம் வருந்துவார். நாம் அவர் எழுதவே இல்லை என்று நினைத்துக்கொண்டிருப்போம். சங்கச் செயலாளர்களிடம் நான் கேட்ட குறைகளில் மனத்தில் தங்கியவை எல்லாம் இந்த இரண்டாவது வகையே: ஈமச் சடங்குக்கு ஓதுவார் வேண்டும் என்று வந்த மடல் மூன்று வாரம் கழித்துக் கண்ணில் பட்டது, தமிழ்ப் பாடத் தேர்வுக்கான பதிவு விவரம் கெடு முடிந்த பின் கிடைத்தது. ஆகவே வடிகட்டியை எவ்வளவு கடுமையாக வைக்கலாம் என்பதைவிட, நல்ல மடல் ஒன்றுகூடத் தொலையாமல் அதை எப்படி வைப்பது என்பதே நம் கேள்வியாக இருக்க வேண்டும்.

முதலில், பெட்டி எங்கே இருக்கிறது என்று அறியுங்கள்

ஒரே முகவரிக்கு இரண்டு, சில வேளைகளில் மூன்று வடிகட்டிகள் வேலை செய்துகொண்டிருக்கும். முகவரி ஜிமெயிலில் இருந்தால் கூகுளின் வடிகட்டி. சங்கத்தின் சொந்தப் பெயரில் பதிவு செய்த முகவரியானால், அதை வைத்திருக்கும் ஹோஸ்டிங் நிறுவனத்தின் சர்வரில் ஒரு வடிகட்டி. பெரும்பாலும் ஸ்பேம்அசாசின் என்ற இலவச மென்பொருள். அந்த மடல்களை அலுவலகக் கணினியில் தண்டர்பேர்டு அல்லது அவுட்லுக் வழியாகப் படித்தால், அதற்குள்ளும் ஒன்று. ஒரு மடல் காணவில்லை என்றால் இவற்றில் எது தடுத்தது என்று தெரிந்தால்தான் திருத்த முடியும். எனவே உங்கள் பெட்டியின் பாதையை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எந்த நிறுவனம், எந்த மென்பொருள், யார் யார் கைப்பேசியில் திறந்திருக்கிறது.

இங்கே ஒரு நுணுக்கம் பலரைத் தடுமாற வைக்கிறது. கணினி மென்பொருள் சர்வரோடு பேசும் முறை இரண்டு: பாப், ஐமேப். பாப் முறை இன்பாக்ஸை மட்டுமே இறக்கித் தரும்; ஐமேப் சர்வரில் உள்ள எல்லாப் பெட்டிகளையும் காட்டும். சர்வரில் ஸ்பேம் பெட்டி ஒன்று நிரம்பிக்கொண்டிருந்தாலும், பாப் முறையில் படிப்பவர் அதை ஒருநாளும் பார்க்கமாட்டார். முந்தைய செயலாளர் பல ஆண்டுகளுக்கு முன் அமைத்த கணினி இன்னும் பாப் முறையிலேயே ஓடிக்கொண்டிருப்பது மிகச் சாதாரணம். கணக்கு அமைப்பைத் திறந்து பார்த்து, பாப் என்றிருந்தால் ஐமேப்புக்கு மாற்றுங்கள். மாற்றுமுன், கணினியில் ஏற்கெனவே இறக்கி வைத்திருக்கும் பழைய மடல்களுக்கு ஒரு நகல் எடுத்து வைப்பது அவசியம்.

சர்வரிலேயே வடிகட்டுவதில் இன்னொரு நன்மையும் உண்டு. நம்மில் பலர் கைப்பேசியில் முன்பணம் கட்டிய டேட்டாவில்தான் மடல் படிக்கிறோம். கைப்பேசி வரை இறங்கிய பிறகு ஒரு மடலைக் குப்பை என்று ஒதுக்குவதால் டேட்டா மிச்சமாவதில்லை. சர்வரில் ஒதுக்கினால் அது இறங்குவதே இல்லை.

வடிகட்டி எப்படித் தீர்மானிக்கிறது

இதைச் சற்று விரிவாகப் புரிந்துகொள்வது பயன் தரும். முதல் கட்டத்தில், மடலை அனுப்பும் சர்வரின் முகவரி கறுப்புப் பட்டியல்களில் இருக்கிறதா என்று பார்க்கப்படுகிறது. 1998 முதல் இயங்கிவரும் ஸ்பேம்ஹவுஸ் என்ற அமைப்பின் பட்டியல்களை உலகெங்கும் உள்ள சர்வர்கள் பயன்படுத்துகின்றன. அடுத்து, அனுப்பியவர் சொல்லும் முகவரி உண்மையானதா என்பதை எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்ற மூன்று சோதனைகள் உறுதி செய்ய முயல்கின்றன. அந்த முகவரிக்கு அனுமதிக்கப்பட்ட சர்வரிலிருந்தே மடல் வந்ததா என்று பார்ப்பது எஸ்பிஎஃப்.

மூன்றாவதாக விதிகள். ஸ்பேம்அசாசின் ஒவ்வொரு மடலையும் நூற்றுக்கணக்கான விதிகளோடு ஒப்பிட்டு, பொருந்தும் விதிக்கு ஏற்பப் புள்ளிகளைக் கூட்டவோ கழிக்கவோ செய்கிறது. பொருள் வரி இல்லையா, சில புள்ளி. எழுத்தே இல்லாமல் படம் மட்டுமா, இன்னும் சில. மொத்தம் 5 புள்ளியை எட்டினால் ஸ்பேம் என்பது அதன் இயல்பு அமைப்பு.

நான்காவது கட்டமே நமக்கு முக்கியமானது: கற்றல். 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தாமஸ் பேயஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியாரின் நிகழ்தகவுக் கணக்கை அடிப்படையாகக் கொண்டு, நீங்கள் குப்பை என்று சொன்ன மடல்களில் எந்தச் சொற்கள் அதிகம், நல்லது என்று சொன்னவற்றில் எந்தச் சொற்கள் அதிகம் என்று எண்ணி, புதிய மடலை அந்தக் கணக்கோடு ஒப்பிடும் முறை இது. 2002இல் பால் கிரஹாம் என்ற அமெரிக்க நிரலாளர் இதை விளக்கி எழுதிய பிறகு பரவலாயிற்று. ஸ்பேம்அசாசினின் இந்தப் பகுதி, 200 குப்பை மடல்களையும் 200 நல்ல மடல்களையும் கற்ற பிறகே வாய் திறக்கும். இரண்டும் வேண்டும் என்பதைக் கவனியுங்கள். குப்பையை மட்டும் காட்டிவிட்டு, நல்லதைக் காட்டாமல் விட்டவர்கள்தான் "எவ்வளவு பழக்கியும் படியவில்லை" என்று மென்பொருளைக் கைவிடுகிறார்கள்.

அமைப்பு: எதையும் தானாக அழிக்கவிடாதீர்கள்

சங்கத்தின் சொந்த முகவரியானால், ஹோஸ்டிங் நிறுவனம் தரும் சிபேனல் பக்கத்தில் நுழைந்து "ஸ்பேம் ஃபில்டர்ஸ்" என்ற பகுதியைத் திறங்கள். புதிய மடல்களைச் சோதித்துக் குறியிடுவதற்கு ஒரு பொத்தான், ஸ்பேமைத் தனிப்பெட்டிக்கு நகர்த்துவதற்கு ஒரு பொத்தான், தானாக அழிப்பதற்கு ஒரு பொத்தான் என்று மூன்று இருக்கும். முதல் இரண்டையும் இயக்குங்கள். மூன்றாவதை அணைத்து வையுங்கள். கண் முன்னே குப்பை குவிவதைப் பொறுக்காமல் பலர் மூன்றாவதை இயக்கிவிடுகிறார்கள். அழிந்த மடலுக்குச் சாட்சி கிடையாது. அதனால்தான் இதை இவ்வளவு வற்புறுத்துகிறேன். புள்ளி எல்லை 5 என்றே இருக்கட்டும். அதை 3க்கோ 2க்கோ இறக்கினால் சில நாள் பெட்டி தூய்மையாகத் தோன்றும், ஆனால் தமிழ் மடல்களே முதலில் பலியாகும். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

தண்டர்பேர்டில் கணக்கு அமைப்புகளுக்குள் குப்பை அஞ்சலுக்கான பக்கத்தைத் திறந்து, கற்றுக்கொள்ளும் வடிகட்டியை இயக்குங்கள். உங்கள் முகவரிப் புத்தகத்தில் இருப்பவர்களின் மடலைக் குப்பை என்று குறிக்காதே என்னும் வசதியும், சர்வரில் ஸ்பேம்அசாசின் இட்ட குறியை ஏற்றுக்கொள் என்னும் வசதியும் அதே பக்கத்தில் உண்டு, இரண்டையும் தேர்ந்தெடுங்கள்.

மேசைக்கணினியில் இன்னும் பழைய அவுட்லுக் வைத்திருப்பவர்கள், குப்பை அஞ்சல் விருப்பங்களில் "இன்டர்நேஷனல்" என்ற தாவலைக் கட்டாயம் பார்க்க வேண்டும். நாட்டின் இணையக் குறியீட்டை வைத்தும், எழுத்துக் குறியாக்கத்தை வைத்தும் மடல்களைத் தடுக்கும் பட்டியல்கள் அங்கே இருக்கின்றன. வெளிநாட்டு ஸ்பேமைத் தடுக்கிறேன் என்று யாரோ ஒருவர் இந்தியாவின் குறியீட்டில் எப்போதோ ஒரு சரிக்குறி போட்டிருந்தால், தமிழ்நாட்டிலிருந்து அந்தக் குறியீட்டு முகவரிகளில் வரும் பல்கலைக்கழக மடல், பதிப்பக மடல் எல்லாம் அன்றிலிருந்து குப்பைக்கே போய்க்கொண்டிருக்கும்.

ஜிமெயிலில் அமைப்பதற்கு அதிகம் இல்லை. வடிகட்டி எப்போதும் இயங்கும். ஆனால் ஸ்பேம் பெட்டியில் 30 நாள் ஆன மடல்கள் தாமாகவே நிரந்தரமாக அழிந்துவிடும் என்பதை மறக்கக் கூடாது. டிசம்பர் நடுவில் பள்ளிகளும் அலுவலகங்களும் மூடி, செயற்குழுவினர் கடற்கரைக்கும் உறவினர் வீடுகளுக்கும் போய், ஜனவரி நடுவில் திரும்பும் வழக்கம் நமக்கு உண்டு. தைப்பூசக் காவடிக்கான கடிதப் போக்குவரத்தோ சரியாக அதே வாரங்களில்தான் நடக்கிறது. அந்த விடுமுறைக்கு மட்டும், ஸ்பேம் பெட்டியைப் பார்க்கும் பொறுப்பை ஊரில் இருக்கும் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போங்கள்.

தமிழ் மடல்கள் ஏன் சிக்குகின்றன

வடிகட்டிக்குத் தமிழ் மேல் பகை ஒன்றும் இல்லை, பழக்கம்தான் இல்லை. அதற்குக் காட்டப்பட்ட நல்ல மடல்களில் பெரும்பாலானவை ஆங்கிலம். அதனால் தமிழ்ச் சொற்களைப் பற்றி நல்லதாகச் சொல்ல அதனிடம் எதுவும் இருப்பதில்லை. ஒரு சிறு சந்தேகம் கிளம்பினாலும் அதைத் தணிக்க ஆளில்லை.

அதோடு நம் மொழியின் அமைப்பும் சேர்ந்துகொள்கிறது. கோயில், கோயிலுக்கு, கோயிலில், கோயிலிலிருந்து, கோயிலுக்காகவும் என்பவை நமக்கு ஒரே சொல்லின் உருவங்கள். இடைவெளியை வைத்துச் சொற்களைப் பிரித்து எண்ணும் வடிகட்டிக்கு இவை ஐந்து தனித்தனிச் சொற்கள். ஆங்கிலத்தில் ஒரு சொல்லைப் பத்து மடல்களில் கற்றுக்கொள்ளும் மென்பொருளுக்குத் தமிழில் அதே உறுதி வர இன்னும் பல மடல்கள் தேவைப்படும். ஆகையால் தமிழ் மடல்களை நல்லவை என்று காட்டும் வேலையில் நாம் ஆங்கிலத்தில் எழுதுவோரைவிடத் தாராளமாக இருக்க வேண்டும்.

பழைய எழுத்துருக்கள் இன்னொரு தொல்லை. பாமினி போன்ற எழுத்துருவில் தட்டச்சு செய்து ஒட்டிய மடல், அந்த எழுத்துரு இல்லாத கணினிக்கு ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த பொருளற்ற குவியலாகவே தெரியும். ஸ்பேம் அனுப்புவோர் வடிகட்டியை ஏமாற்றச் சொற்களைச் சிதைத்து எழுதும் மடல்களுக்கும் இதற்கும் மென்பொருளால் வேறுபாடு காண இயலாது. அப்படி எழுதும் மூத்தவர்கள் இருந்தால், யூனிகோடு விசைப்பலகையை ஒருமுறை உடன் அமர்ந்து அமைத்துக் கொடுங்கள். அவர்கள் கை பழகிய விசையமைப்பை மாற்றாமலே யூனிகோடில் எழுத உதவும் மென்பொருள்கள் இருக்கின்றன.

ஸ்பேம்அசாசினில் எந்தெந்த மொழிகள் ஏற்கத்தக்கவை என்று சொல்லும் அமைப்பும் உண்டு. இயல்பாக எல்லா மொழிகளும் ஏற்கப்படும். யாராவது அதை ஆங்கிலம் மட்டும் என்று மாற்றியிருந்தால், ஒவ்வொரு தமிழ் மடலுக்கும் கூடுதல் புள்ளி விழும். எல்லையை 3க்கு இறக்கியும் இருந்தால் அநேகமாக அதுவே போதும். ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு எழுதி, தமிழை அந்தப் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். நம் நாட்டு அரசியலமைப்பின் 6ஆம் பிரிவு, மதித்துப் பேணப்பட வேண்டிய மொழிகளில் ஒன்றாகத் தமிழைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. நம் சங்கத்துப் பெட்டியிலேயே அது வேற்றுமொழியாக நிற்கக் கூடாது.

ஒரு காவடி அறிவிப்பை அருகில் வைத்துப் பார்ப்போம்

கோயில் ஒன்றின் காவடி அறிவிப்பு உறுப்பினர் பலருக்கும் ஸ்பேம் பெட்டிக்குப் போனது. காரணம் அறிய அந்த மடலின் மூலத்தைத் திறந்து பார்த்தோம். ஜிமெயிலில் மடலின் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு "அசலைக் காட்டு" என்பதைத் தேர்ந்தால் இது கிடைக்கும்; தண்டர்பேர்டில் கண்ட்ரோல் விசையோடு யு. சர்வரில் ஸ்பேம்அசாசின் இருந்தால், எக்ஸ்-ஸ்பேம்-ஸ்டேட்டஸ் என்ற வரியில் மொத்தப் புள்ளியும், பொருந்திய விதிகளின் பெயர்களும் வரிசையாக நிற்கும்.

மொத்தம் 5ஐச் சற்றே தாண்டியிருந்தது. பெரும்பகுதி, மடலில் எழுத்தே இல்லாமல் சுவரொட்டிப் படம் ஒன்று மட்டும் இருந்ததற்காக. முருகன் படம், கொடியேற்ற நாள், அன்னதான நேரம், தொடர்பு எண் எல்லாம் அந்தப் படத்துக்குள்தான். வடிகட்டி வாசிக்க ஒரு சொல்கூட இல்லை. விற்பனை மடல்கள் தங்கள் சொற்களை மறைக்கக் கையாளும் வழியும் இதுவே. பொருள் வரியும் விடுபட்டிருந்தது. போதாததற்கு, கோயிலின் சொந்த முகவரியை அனுப்புநராகப் போட்டுவிட்டு வேறொரு சர்வர் வழியாக அனுப்பியிருந்ததால் எஸ்பிஎஃப் சோதனை தோற்றிருந்தது. இவற்றில் எதுவும் தனியே அந்த மடலைக் கவிழ்த்திருக்காது; மூன்றும் சேர்ந்து கவிழ்த்தன. அடுத்த அறிவிப்பில் பொருள் வரி எழுதி, படத்துக்கு மேலே அதே செய்தியை யூனிகோடுத் தமிழிலும் ஆங்கிலத்திலும் நான்கு வரி தட்டச்சு செய்து, கோயிலின் சர்வர் வழியாகவே அனுப்பினார்கள். அது இன்பாக்ஸில் வந்து நின்றது.

ஆகவே ஒரு மடல் ஏன் தடுக்கப்பட்டது என்று ஊகிக்க வேண்டாம்; மூலத்தைத் திறந்து படியுங்கள்.

பழக்குதல்

முதல் மாதம் இதற்கென்றே. நாள்தோறும் பெட்டியைத் திறக்கும்போது, இன்பாக்ஸில் நுழைந்த குப்பையை வெறுமனே நீக்காமல் ஸ்பேம் பொத்தானால் புகாரளியுங்கள். பிறகு ஸ்பேம் பெட்டியைத் திறந்து, அங்கே சிக்கிய நல்ல மடலை "ஸ்பேம் அல்ல" என்ற பொத்தானால் மீட்டெடுங்கள். இழுத்து வந்து இன்பாக்ஸில் போடுவது எல்லா மென்பொருளிலும் பாடமாகப் பதிவாகும் என்று நம்ப வேண்டாம். பொத்தானை அழுத்துவதே உறுதி. தண்டர்பேர்டில் இதற்கு மேலும் ஒரு படி உண்டு: ஏற்கெனவே இன்பாக்ஸில் இருக்கும் நல்ல தமிழ் மடல்களை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, குப்பை அல்ல என்று குறித்துவிடுங்கள். முதல் நாளிலேயே அதற்குக் கணிசமான தமிழ் அறிமுகமாகிவிடும். சர்வரில் உள்ள ஸ்பேம்அசாசினுக்குக் கற்பிக்கப் பயனருக்கு வழி திறந்திருக்கிறதா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பொதுப்பெட்டியில் ஓர் ஒழுங்கு தேவை. பலர் திறக்கும் பெட்டியில் ஒருவருக்குப் பிடிக்காத மடலை அவர் ஸ்பேம் என்று அழுத்தினால், அந்தப் பாடம் எல்லாருக்கும் பொருந்திவிடுகிறது. சகோதரச் சங்கத்தின் செய்திமடல் சலிப்பூட்டுகிறது என்று ஒருவர் அதைப் புகாரளித்தால், 1860இல் ஒப்பந்தத் தொழிலாளர் வந்திறங்கியதை நினைவுகூரும் நவம்பர் 16 நிகழ்ச்சிக்கு அதே சங்கம் அனுப்பும் அழைப்பும் அடுத்த மாதம் காணாமற் போகலாம். கேட்டுப் பெற்ற செய்திமடல் இனி வேண்டாமென்றால் விலகல் இணைப்பை அழுத்துங்கள். ஸ்பேம் பொத்தான் கேட்காமல் வந்ததற்கு மட்டும்.

நம்பிக்கைப் பட்டியல்

கட்டாயம் வந்து சேர வேண்டியவர்களின் முகவரிகளைத் தனியே பதிந்து வைப்பது நல்ல காப்பு. ஜிமெயிலில் கணினி உலாவி வழியாகத் தேடல் கட்டத்தின் ஓரத்துக் குறியை அழுத்தி, அனுப்புநர் முகவரியைக் கொடுத்து, வடிகட்டி உருவாக்கு என்பதன் கீழ் "ஒருபோதும் ஸ்பேமுக்கு அனுப்பாதே" என்பதைத் தேர்ந்தெடுங்கள். கைப்பேசிச் செயலியில் இந்த வசதி இல்லை. அவுட்லுக்கில் பாதுகாப்பான அனுப்புநர் பட்டியல் உண்டு. நகராட்சி, வங்கி, பள்ளி, தேர்வு நடத்துவோர், சென்னைப் பதிப்பகம், ஓதுவார், நாதஸ்வரக்காரர் என்று உங்கள் சங்கத்துக்கு எவரெவர் முக்கியமோ அவர்களை ஒவ்வொருவராகச் சேருங்கள்.

ஒரே எச்சரிக்கை: ஜிமெயில் முகவரிகள் அனைத்தையும் நம்பு, அல்லது நம் சங்கத்துப் பெயரில் வருவதெல்லாம் நம்பு என்று பொதுவிதி போடக் கூடாது. ஏமாற்றுக்காரர்கள் முதலில் போடும் வேடமே சங்கத் தலைவரின் முகவரிதான்.

வடிகட்டியால் பிடிக்க இயலாதவை

எவ்வளவு பழக்கிய வடிகட்டியையும் கடந்து வரும் மடல்கள் உண்டு. பணம் பறிபோவது அவற்றால்தான். வரி தாக்கல் காலம் தொடங்கும் ஜூலையில், வருவாய்த் துறையான சார்ஸின் சின்னத்தோடு, உங்களுக்குப் பணம் திரும்ப வரவிருக்கிறது என்று ஒரு மடல் வரும். அனுப்புநர் பெயராகச் சார்ஸ் ஈஃபைலிங் என்று தெரியும். அந்தப் பெயரைத் தொட்டு உண்மையான முகவரியை விரித்துப் பார்த்தால், அதற்கும் அரசுக்கும் தொடர்பே இராது. கீழே உள்ள பொத்தானின் மேல் அழுத்தாமல் சுட்டியை நிறுத்தினால், திரையின் ஓரத்தில் தோன்றும் இணைப்பு வேறெங்கோ இட்டுச் செல்லும். வங்கி விவரங்களை மின்னஞ்சலில் கேட்பதில்லை என்றும், வேறு இணையதளங்களுக்கான இணைப்புகளை அனுப்புவதில்லை என்றும் சார்ஸ் அறிவித்திருக்கிறது. கணக்கைப் பார்க்க வேண்டுமென்றால் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து உள்ளே போங்கள்.

இதைவிடக் கொடியது, உண்மையான மடல் ஒன்றை நடுவில் மறித்து வங்கி எண்ணை மட்டும் மாற்றி அனுப்புவது. வீடு வாங்கிய ஒருவர் 2019இல் இப்படி 5.5 மில்லியன் ராண்ட் இழந்தார். வழக்கறிஞர் அலுவலகம் அனுப்பிய வங்கி விவரம் வழியில் மாற்றப்பட்டிருந்தது. ஊடுருவப்பட்டது வாங்கியவரின் சொந்த மின்னஞ்சல் கணக்கு. உயர் நீதிமன்றம் 2023இல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தாலும், புளூம்ஃபொன்டைனில் உள்ள மேல்முறையீட்டு உச்ச நீதிமன்றம் 2024இல் அதை மாற்றி, அந்த அலுவலகம் இழப்பீடு தர வேண்டியதில்லை என்று முடித்தது. கட்டட நிதியோ தேர் திருப்பணிக் கூலியோ அனுப்பும் பொருளாளர்கள் இந்த வழக்கை மனத்தில் வைக்க வேண்டும். வங்கி எண் மாறிவிட்டது என்று எந்த மடல் சொன்னாலும், அந்த மடலில் உள்ள எண்ணுக்கு அல்லாமல், நீங்கள் ஏற்கெனவே வைத்திருக்கும் தொலைபேசி எண்ணுக்கு அழைத்து, குரலைக் கேட்டு உறுதி செய்த பிறகே பணம் அனுப்புங்கள்.

சட்டம் தரும் துணையும் சுமத்தும் கடமையும்

2021 ஜூலை 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்த போப்பியா எனப்படும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் 69ஆம் பிரிவு, இசைவு பெறாமல் மின்னணு வழியில் நேரடி விற்பனைச் செய்தி அனுப்புவதைத் தடுக்கிறது. ஏற்கெனவே வாடிக்கையாளராக இருப்போர்க்குச் சில விலக்குகள் உண்டு. மற்றவரிடம் இசைவு கேட்பதற்கென ஒருமுறை மட்டுமே அணுகலாம். விலகச் சொல்லியும் விடாமல் எழுதும் உள்நாட்டு நிறுவனத்தின் மேல் தகவல் ஒழுங்குமுறையாளரிடம் புகார் அளிக்கலாம். முகம் தெரியாத வெளிநாட்டுக் குப்பையில் உள்ள விலகல் இணைப்பை மட்டும் தொடாதீர்கள். உங்கள் முகவரியில் ஆள் இருக்கிறார் என்பதை அது உறுதி செய்துவிடும்.

இதே சட்டம் நேரடி விற்பனை என்பதற்குள் நன்கொடை கேட்பதையும் சேர்க்கிறது என்பதைக் கோயில் நிர்வாகிகள் பலர் அறிந்திருப்பதில்லை. எனவே கும்பாபிஷேக நிதி கேட்டு மடல் அனுப்பும் முன் உறுப்பினரின் இசைவை எழுத்தில் பெறுங்கள். ஒவ்வொரு மடலிலும் விலகும் வழியைச் சொல்லுங்கள். இசைவின்றி வந்த மடலை ஒருவர் ஸ்பேம் என்று அழுத்துவதில் நியாயம் இருக்கிறது. அப்படிப் பலர் அழுத்தினால் கோயிலின் முகவரியே உலகெங்கும் மதிப்பிழந்துவிடும்.

தனி மென்பொருள் வாங்கலாமா

பெரும்பாலான சங்கங்களுக்குத் தேவையில்லை. மெயில்வாஷர் போன்றவை மடலை இறக்கும் முன்பே சர்வரில் பார்த்து நீக்க உதவுகின்றன. ஐமேப்பும் நல்ல சர்வர் வடிகட்டியும் இருந்தால் அந்தப் பயன் ஏற்கெனவே கிடைத்துவிடுகிறது. முன்பு பலரும் விரும்பிய ஸ்பேம்பேயஸ் என்ற மென்பொருள், குப்பை, நல்லது என்பவற்றோடு "உறுதியில்லை" என்ற மூன்றாம் பெட்டியும் வைத்தது. அந்த எண்ணம் எனக்கு மிகவும் பிடித்தது, ஆனால் அது நெடுநாளாக வளர்ச்சியின்றி நிற்பதால் புதியவர்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். எழுதுபவரிடம் "நீங்கள் மனிதர்தானா, இந்த இணைப்பை அழுத்துங்கள்" என்று பதில் கேட்கும் வடிகட்டிகளைச் சங்கங்கள் தவிர்க்கவே வேண்டும். வங்கியின் தானியங்கி மடலும் தேர்வுத் துறையின் அறிவிப்பும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப்போவதில்லை. மூத்த பெரியவர்களுக்கோ அது அவமதிப்பாகத் தோன்றும்.

பொறுப்பை ஒப்படைக்கும்போது

புதிதாகப் பொறுப்பேற்றவர் கடவுச்சொல்லை மாற்றி, இரண்டு கட்டச் சரிபார்ப்பை இயக்கிய கையோடு, அமைப்புகளில் முன்னனுப்பல் விதிகளையும் பார்க்க வேண்டும். முன்பிருந்தவரின் சொந்த முகவரிக்கு மடல்கள் இன்னும் நகலாகிக்கொண்டிருக்கலாம். ஊடுருவியவர் வைத்துவிட்டுப் போன விதியாகவும் இருக்கலாம். வசதிக்காகச் சங்க மடல்களை உங்கள் தனி ஜிமெயிலுக்கு முன்னனுப்புவதும் நல்லதல்ல. வழியில் சர்வர் மாறுவதால் எஸ்பிஎஃப் சோதனை தோற்று, நல்ல மடலும் சந்தேகத்துக்கு உள்ளாகிறது. சங்கக் கணக்கையே கைப்பேசிச் செயலியில் இரண்டாவது கணக்காகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஜிமெயிலில் நீங்கள் போட்ட விதிகளும் நம்பிக்கைப் பட்டியலும் கணக்கோடு போய்ச்சேரும். தண்டர்பேர்டு கற்றவையோ அந்தக் கணினியின் புரொஃபைல் கோப்புறையில்தான் இருக்கின்றன. கணினி மாறினால் அந்தக் கோப்புறையை முழுதாக நகலெடுத்துப் புதியதில் வைக்க வேண்டும், இல்லையேல் அடுத்தவர் முதலிலிருந்து பழக்க நேரும். நம்பிக்கைப் பட்டியலை ஒரு தாளில் அச்சிட்டு, பெட்டியின் பாதையை எழுதிய அந்த முதல் தாளோடு சேர்த்து, வரவுசெலவுப் புத்தகத்தோடு ஒப்படையுங்கள். ஸ்பேம் பெட்டியை எந்தக் கிழமை, யார் பார்ப்பது என்பதையும் அதே தாளின் கீழே எழுதிக் கொடுங்கள்.